குளிர்கிடங்கில் ஓர் அடுப்பு

குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. மூன்றாம் அறையில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. மற்றவர்களுக்கு இமையில் வெண்பனி பிடித்திருந்தது. மூக்கு ஒழுகி மீசையிலேயே உறைந்திருந்தது. பற்கள் தந்தி அடித்தன. அவனோ கையுறையைக் கழற்றிவிட்டு, கிழிந்த பெட்டி ஒன்றுக்குச் சாவகாசமாக நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை பார்த்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது கையா அடுப்பா?" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அடுப்பு. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

அதில் அவனுக்குப் பெருமை உண்டு. அதுவரை எதிலும் அவன் தேறியதில்லை. வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போனான். ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றியது. வண்டி ஓட்டப் போனான். முதல் வாரமே சுவரில் போய் முட்டினான். இங்கேதான் முதல்முறையாக நாலு பேர் அவனைத் தேடி வந்தார்கள். விரல் மரத்துப்போனவர்கள், "ரெண்டு நிமிஷம் உன் கழுத்தைக் குடுப்பா" என்பார்கள். அவனும் மாடு மாதிரிக் குனிந்து கொடுப்பான். பத்து விரல் பனிக்கட்டியாகப் பிடரியில் வந்து ஒட்டும். சிரித்துக்கொண்டே நிற்பான்.

அந்த நாட்களில் அவன் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான். சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்த்த அவன் மனைவி, வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

"காலைல வெச்சது எங்கங்க?"

"சாப்பிட்டேன்."

"நாளைக்கும் சேத்து வெச்சிருந்தேனே!"

"அதையும்தான்."

"இவ்வளவும் எங்க போகுது? கால்சட்டை இடுப்புல நிக்க மாட்டேங்குது, நான்தான் மாசாமாசம் பிடிச்சுத் தைக்கிறேன்."

எங்கே போகிறது என்பதை ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொன்னார். நெடுங்காலம் குளிரில் வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கிடங்கிலிருந்து எட்டுப் பேரைக் கேட்டு வாங்கினார். ஆளுக்கு ஒரு எண். வரிசையில் அடுப்பு நாலாவது, அவனுக்குப் பின்னால் நின்ற மச்சான் ஐந்தாவது. ரத்தம் எடுத்தார்கள், வார்த்தைகளை வாசித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், குளிர்ந்த நீர் ஓடும் உடுப்பை மாட்டிப் படுக்கவைத்துப் படம் பிடித்தார்கள். அடுப்பின் படத்தில் கழுத்தடியும் காறை எலும்பின் மேற்புறமும் பளிச்சென்று ஒளிர்ந்தன.

"இது பழுப்புக் கொழுப்பு. பச்சைக் குழந்தைக்கு நிறைய இருக்கும், வளர வளரக் குறைஞ்சிடும்," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குக் குளிர்லயே இருந்து இருந்து திரும்பப் பெருகியிருக்கு. மத்தவங்க உடம்பு நடுங்கிச் சூடு பண்ணிக்குது. உங்க உடம்பு நடுங்காமலே கொழுப்பை எரிக்குது. அதான் அந்தப் பசி."

வீட்டில் வந்து, "என் கழுத்துல விளக்கு எரியுதாம்" என்றான்.

"கொஞ்சம் மேல ஏறி எரிஞ்சிருக்கலாம்" என்றாள் மனைவி, அவன் தலையைப் பார்த்தபடி.

அறிக்கை மேலாளருக்கு வந்தது. அவருடைய அறை சரக்கு இறக்கும் மேடைக்கு மேலே, கண்ணாடிச் சுவர் வைத்து, காலடியில் சூடேற்றியோடு இருந்தது. குளிர் அறைக்குள் ஐம்பது நிமிடம் நின்றால் சூடு அறையில் பதினைந்து நிமிடம் உட்காரலாம் என்பது கிடங்கின் விதி. ஆட்கள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவருக்குக் கண் உறுத்தும். அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் பலகையில் குத்திவைத்தார். குளிருக்கு உடம்பு பழகிக்கொள்கிறது என்று அதில் இருந்தது. அன்றே பதினைந்து நிமிடம் ஐந்தாகக் குறைந்தது.

"அடுப்பால முடியுது. உங்களுக்கு மட்டும் என்ன, தங்கத்துல செஞ்ச உடம்பா?" என்றார் எல்லோரையும் நிற்கவைத்து. அடுப்பின் தோளில் தட்டினார். அவனும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு அவன் கழுத்தை யாரும் கேட்கவில்லை.

கையுறை காணாமல் போனது. காலணிக்குள் தண்ணீர் ஊற்றி உறையவைத்தார்கள். ஒரு நாள் அவன் உள்ளே தனியாக இருந்தபோது கதவைச் சாத்தி விளக்கையும் அணைத்தார்கள். உள்ளிருந்து திறக்கும் குமிழில் பனி இறுகிப்போயிருந்தது. காற்றாடிகளின் இரைச்சலுக்கு நடுவே அவன் தட்டினான். "அவனுக்கென்ன, உள்ள சூடாத்தான் இருப்பான்" என்று வெளியே மச்சானின் குரல், பிறகு சிரிப்பு. இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். விளையாட்டு என்று வைத்துக்கொண்டால்தான் மறுநாள் அங்கே வர முடியும்.

இரண்டாவது வருடக் கடைசியில் அவன் உடம்பு மாறத் தொடங்கியது. முதலில் பசி போனது. பாதித் தட்டோடு எழுந்தான், ஆனால் முகம் ஊதியது, கால்சட்டை இடுப்பை வெட்டியது. தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்தது. நண்பகல் வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருப்பான். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவளுக்கே கேள்வி மறந்துவிடும்.

குடிக்கிறானோ என்று மனைவிக்குச் சந்தேகம். "எங்க, ஊதுங்க பாக்கலாம்" என்றாள். ஊதினான். ஒன்றும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கிடங்கில் பெட்டிகளை வரிசை மாற்றி அடுக்கினான். சொன்னதையே மறுபடி கேட்டான். மேடையில் எல்லோர் முன்னாலும் மேலாளர், "என்னடா, அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரைச் சொல்கிறார் என்று அவன் திரும்பிப் பார்த்தான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

ஒரு மதியம் அவனைக் காணவில்லை. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பளு தூக்கும் வண்டிக்காரர் உலுக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் பெட்டியோடு பெட்டியாக ஆகியிருப்பான்.

வேலைநீக்கக் காகிதத்தில், போதையில் தூங்கினான் என்று மேலாளர் எழுதினார். கீழே மூன்று சாட்சிக் கையெழுத்து வேண்டும். மூன்றாவதாக மச்சான் போட்டான். குளிர் அறையை விட்டு வெளியே மேடை வேலைக்கு மாற்றுவதாக மச்சானுக்குச் சொல்லியிருந்தார்கள். "மனசுல வெச்சுக்காத மாப்ள. நான் போடலன்னாலும் வேற எவனாவது போடுவான்" என்றான். அடுப்பு, "சரி மச்சான்" என்றான். அவனிடமும் காகிதத்தை நீட்டினார்கள். படிக்காமலே தானும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மனைவி அவனை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், அவன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பிதான் உடம்பு எவ்வளவு வேகமா எரியணும்னு சொல்லுது. விடாம குளிர்ல நின்னா அந்தச் சுரப்பு சீக்கிரம் சீக்கிரம் செலவாகும். கிணறு ஊறுறதைவிட இறைக்கறது அதிகமானா என்ன ஆகும்? மூளைக்கும் பத்தாம போயிடும். எல்லாருக்கும் இவ்வளவு மோசமாகாதும்மா. இவருக்குச் சுரப்பி முன்னமே பலவீனமா இருந்திருக்கலாம். அப்பவே ரத்தம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாத்தாங்க டாக்டர்," என்றாள் அவள். "பாத்தாங்களே."

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி டாக்டரம்மாவைத் தேடிப் போனாள். அவர் அறிக்கையின் இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில், எட்டுப் பேரில் இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு ஆகிய எண்களுக்குத் தைராய்டுச் சுரப்பு குறைகிறது, நினைவுச் சோதனையிலும் தடுமாற்றம், மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், சூடு அறை நேரத்தைக் குறைக்கவே கூடாது என்று இருந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்லிதான் அனுப்பினேன்" என்றார் டாக்டரம்மா.

"சொன்னாங்களான்னு நீங்க வந்து பாத்தீங்களா?"

"அதுக்குள்ள ஆய்வு முடிஞ்சுபோச்சும்மா."

அங்கிருந்து நேரே கிடங்குக்குப் போனாள். மேலாளர் அந்தப் பக்கத்தை முதல்முறை பார்ப்பவர்போல் நிதானமாக வாசித்தார்.

"இதுல உன் புருஷன் பேரே இல்லையேம்மா. நாலுன்னுதான் போட்டிருக்கு. நாலு யாருன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் காலில் சூடேற்றியின் வெக்கை அடித்தது.

தினமும் காலை வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முகம் வற்றியது, குரல் இளகியது. ஒரு நாள் காலை, அவள் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, "அது பக்கத்து வீட்டுச் சாவி" என்றான். அவள் நின்ற இடத்திலேயே அழுது சிரித்தாள்.

ஆனால் புத்தி திரும்பியபோது தனியாகத் திரும்பவில்லை. மந்தமாக இருந்த நாட்களில் எதுவும் அவனுக்கு உறைத்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்தது. மேடையில் எழுந்த சிரிப்பு, கதவுக்கு அப்பால் கேட்ட குரல், காகிதத்தின் மேல் அவசரமே இல்லாமல் நகர்ந்த மச்சானின் பேனா. பொட்டலம் கட்டும் வேலை ஒன்று கிடைத்து அதற்குப் போகத் தொடங்கிய பிறகும், சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒரு விடுமுறை நாள், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மச்சான் வந்தான். நாற்காலியில் உட்கார்வதற்கே இரண்டு தடவை யோசித்தான். முகம் மாவுபோல் வெளுத்து உப்பியிருந்தது. மேடை வேலையை நாலே மாதத்தில் பிடுங்கிக்கொண்டு மறுபடி மூன்றாம் அறைக்கே அனுப்பிவிட்டார்களாம்.

"ஒரே அசதி மாப்ள. எதைச் சொன்னாலும் மறந்துபோகுது. வெயில்லகூட குளிருது." குரல் தடித்திருந்தது. "உனக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு? இது அதுவா இருக்குமோ?"

அலமாரியில், துணிகளுக்கு அடியில், மச்சானின் எண்ணான ஐந்தும் இருந்த அந்த இரண்டாம் பக்கம் கிடந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். அவன் மச்சானின் கையைப் பிடித்துப் பார்த்தான். சில்லென்று, ஈரக் களிமண் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தான்.

"இல்ல மச்சான். உனக்கு வயசாகுது, அவ்வளவுதான். நல்லா சாப்பிடு, சரியாயிடும்."

மச்சானுக்கு நிம்மதி. வாசல் வரை வந்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு கணம் திகைத்துவிட்டு நடந்தான். அடுப்பு கதவில் சாய்ந்து, தெருமுனை வரை அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றியபடி கேட்டாள். "யாராவது வந்தாங்களா?"

"உன் அண்ணன்."

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்," என்றான்.