விரலுக்குத் தெரிந்த இடம்

டர்ரென்று ஒரு கிழிசல். என் விரல் வெட்டுக்குக் கட்டுப் போடலாம் என்று மருந்துக்கடைக்காரர் காஸ் துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். காகித உறை கிழிந்த ஓசைக்குப் பின்னாலேயே அந்த வாசனையும் வந்தது. வெளுத்த துணி, பிளீச்சிங் காரம், பஞ்சு. நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணுமே செய்யலையே சார்" என்றார் அவர்.

அது என் அக்காவின் வாசனை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் மேசை அவளுடையது. பேருக்குத்தான் கம்பெனி. தகரக் கூரையும் நாலு நீள மேசைகளும். அதில் ஒரு மேசைக்கு அவள் தலைவி. மற்ற பெண்கள் 'டேபிளக்கா' என்பார்கள். சாயங்காலம் சேத்தூர் பஸ்ஸில் இறங்கி வரும்போது புருவத்தில் பஞ்சுத் தூசி நரைத்திருக்கும். மாமா வாசலில் நின்று மூக்கைப் பிடிப்பார்.

"இவ வந்தா கூடவே ஒரு ஆஸ்பத்திரி வருதுய்யா."

"அப்பம் நீரு பேஷண்டாப் படுத்துக்கிடும். கஞ்சி ஊத்துதேன்."

நான் திரை வரைகிறவன். செல்போனிலும் கணினியிலும் எது எங்கே இருக்க வேண்டும், எது பெரிது எது சிறிது, தொட்டால் என்ன நிறம், தொட்ட பிறகு என்ன நடக்கும், இதெல்லாம் என் பிழைப்பு. அக்கா அதை ஒரே வரியில் முடித்துவிடுவாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்வாள்: "எந்தம்பி பட்டன் வரையுதான்." சட்டைப் பட்டனா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்பாள்.

சென்னையில் பல வருஷம் வரைந்து சலித்து ஊர் திரும்பினேன். கல்லூரியில் கூடப் படித்தவன் ஒருவனும் நானும் சேர்ந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி அறை பிடித்தோம். கீழே புரோட்டாக் கல் தட்டும் சத்தம், மேலே நாங்கள். எங்கள் தொழிலில் ஒரே ஃபைலை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து வரையலாம். திரையில் இரண்டு அம்புக்குறிகள் ஊரும். அவனது சிவப்பு, என்னுடையது நீலம். வேலை அலுத்துப்போனால் அவன் என் பட்டன் ஒன்றைக் கவ்விக்கொண்டு திரை ஓரத்துக்கு ஓடுவான். நான் துரத்துவேன். நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஒரு பட்டனுக்காக அடித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயில் ஏதோ கசக்கிறது, வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி.

அக்காவின் கம்பெனிக்கு லீவுத் திரை வரையும் வேலை எங்களுக்கே வந்தது. அங்கே லீவு என்றால் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அதுவும் எல்லார் காதிலும் விழும்படி. "என்னக்கா, மாசாமாசம் ஒங்க சொந்தத்துல யாராச்சும் போய்ச் சேருதாங்களா? இனிமே பொணத்தோட போட்டோ கொண்டாங்க" என்பான். பெண்கள் சிரிப்பார்கள், கேட்டவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கூனிப் போவாள்.

நாங்கள் வாசலோரச் சுவரில் ஒரு திரையைப் பதித்தோம். வேலை முடிந்து வெளியேறும்போது அடையாள அட்டையைக் காட்டினால் இரண்டு பட்டன்கள் வரும். மேலே 'நாளை வருகிறேன்'. கீழே 'நாளை லீவு'. அவ்வளவுதான். காரணம் கேட்கும் கட்டம் வேண்டும் என்று முதலாளி தரப்பில் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். ஜெயித்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்த திரைகளிலேயே அழகானது அந்த வெறுமைதான். கேள்வி இல்லாத வெள்ளை.

வரைந்தால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும். பயன்படுத்துகிறவர்களை வாய் திறக்காமல் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் பாதி. நான் கம்பெனி வாசலில் சாயங்காலம் சாயங்காலம் போய் நின்றேன். ஒரு கையில் டிபன் பை, பேச்சு முழுக்கப் பக்கத்தில் வருகிறவளிடம், கண் ரோட்டில் உறுமும் பஸ் மேல். மிச்சமிருக்கும் ஒரு கையைச் சேலையில் துடைத்து, பார்க்காமலே திரையைத் தொட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். ஆரம்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள்தான். பழகிய பிறகு ஒருத்தியும் வாசிக்கவில்லை. ஆகவே இன்னொன்று சேர்த்தேன்: லீவைத் தொட்டால் திரை முழுக்க மஞ்சளாகும். ஓரக்கண்ணில் மஞ்சள் தெரிந்தால் போதும், மனசு நிம்மதியாக பஸ் ஏறலாம். என் அறிக்கையில் எழுதினேன்: 'இவர்கள் திரையை வாசிப்பதில்லை. விரலுக்கு இடம் தெரியும். இடத்தை மாற்றவே கூடாது.'

அதை என் கூட்டாளி கவனமாகப் படித்தான். எம்புட்டுக் கவனம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் அன்றைக்கு இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் மேசைகள் காலியாகத்தான் கிடக்கும். வடத்தைத் தொடாமல் அக்காவுக்கு வருஷம் நகராது. முந்தின நாள் சாயங்காலம் அவளும் அவள் மேசைப் பெண்களும் எப்போதும் தொடும் இடத்தைத் தொட்டுவிட்டு, நாளைக்கு எந்த பஸ், யார் புளியோதரை, யார் தண்ணி பாட்டில் என்று இரைந்துகொண்டு போனார்கள்.

மறுநாள் நானும் அக்காவோடு தேருக்குப் போயிருந்தேன். சனக்கடல். தேர் அசைந்து கொடுத்தது. அந்தக் கோஷத்துக்கு நடுவே அவள் மேசைப் பெண்களின் செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. 'வாரேன்'னு அமுக்கிட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க, ஏற்றுமதி லாரி நிக்கிது, உடனே வாங்க என்று சூப்பர்வைசர். பெண்கள் முகம் வெளுத்து ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

அக்கா ஒருத்தியின் போனை வாங்கினாள். ஒரு கையில் வடம்.

"ஏலே, லீவு அமுக்கிட்டுத்தான்யா வந்துருக்கோம். தேரன்னைக்குப் போயி பொய் சொல்லுத! ஒனக்கு நாக்கு அழுகிப் போவாதா?"

அந்தப் பக்கம் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தானாம். முதலாளியும் பக்கத்திலேயே நின்றாராம். அக்காவுக்குத் தெரியாது. போனை அணைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, "அமுக்கியாச்சுல்ல, பெறகென்ன? பேசாம வடத்தப் புடிங்கடி" என்றாள். பாதிப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் பஸ்ஸைப் பார்க்க ஓடினார்கள். அக்கா இழுத்தாள். தேர் நகர்ந்தது. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் எந்தத் திரையிலும் வரைய முடியாது.

மறுநாள் காலை அவளுக்குப் போன் வந்தது. இனி வர வேண்டாம். பதினெட்டு வயசில் ஏறிய மேசை. அவள் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள். சூப்பர்வைசர் கணினியைத் திருப்பிக் காட்டினான். அக்காவின் பேருக்கு நேரே 'வருகிறேன்'. அவள் மேசைப் பெண்கள் எல்லாருக்கும் அதேதான்.

அக்கா அதை உதடு அசைத்து வாசித்தாள். மறுபடி வாசித்தாள். தேரடியில் கத்தியவளின் தோள்கள் இறங்கின.

நான் நகர்ந்து வாசலோரத் திரைக்குப் போய் அவள் அட்டையைக் காட்டினேன். மேலே 'நாளை லீவு'. கீழே 'நாளை வருகிறேன்'. இரண்டும் இடம் மாறியிருந்தன. மேலே இருந்ததைத் தொட்டேன். மஞ்சள் வரவில்லை; தேர் அவசரத்தில் ஒருத்தியும் அதைத் தேடியிருக்க மாட்டாள். வெள்ளைத் திரையில் சின்னதாக ஒரு 'நன்றி'. கீழே இருந்ததையும் தொட்டேன். அதே நன்றி.

"யக்கா, இங்க வா. பட்டன மாத்தி வச்சுருக்காங்க. தப்பு ஒம்மேல இல்ல."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னை விடச் சின்னவனிடம், முந்தின நாள் ஏலே என்றவனிடம்.

"எய்யா, மன்னிச்சுக்கிடுங்க. நாந்தான் பராக்குப் பாத்துக்கிட்டு அமுக்கிட்டேன். மொதலாளிகிட்ட செத்த நேரம் பேசவிடுங்க."

"அவரு பாக்கமாட்டாருக்கா. மத்ததுகளையும் போவாதன்னு சொல்லிருக்கீங்க. அதான் அவருக்குக் கோவம்."

மற்ற பெண்கள் மேசையில் குனிந்து காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கவனக்குறைவாகத் தொட்டுவிட்டதாக நினைத்துத் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். வெட்கம் அப்படித்தான். கூட்டமாக ஏமாந்தவர்களையும் ஒற்றை ஒற்றையாகத்தான் பிடிக்கும்.

மாடி அறைக்கு ஏறினேன். கூட்டாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை.

"மொதலாளி கேட்டாரு. தேரன்னைக்கு ஆள் வேணும்னாரு. லீவ எடுத்துருங்கன்னாரு. நாந்தான், எடுக்கவேண்டாம், இருக்கட்டும், வேற வழி இருக்குன்னேன்."

"என் மஞ்சள ஏன்டா எடுத்த?"

"வாரேன்னு அமுக்குறவளுக்கு மஞ்சள் வந்தா பாத்துருவாள்ல?"

இதை அவன் ஒரு சாதாரணச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னான்.

"இது மோசடிடா."

"எது மோசடி? லீவுன்னு எழுதுன எடத்துல லீவு. வாரேன்னு எழுதுன எடத்துல வாரேன். ஒரு எழுத்து பொய்யாச் சொல்லு பாப்போம்."

"எடத்த மாத்திட்டியே."

"எடத்த மாத்துறதுதானடா நம்ம தொழிலே. விரலுக்கு எடம் தெரியும்னு எழுதுனது யாரு? நானா?" கோப்பையை வைத்தான். "ஒங்க அக்காவே தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டாங்களாம். ஒனக்கு என்ன நோவுது?"

அடிக்கக் கை ஓங்கியிருக்கலாம். ஓங்கவில்லை. என் கணினியை மட்டும் மூடி எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே புரோட்டாக் கல்லில் இரண்டு கரண்டிகள் வெட்டிக்கொண்டிருந்தன.

அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வேலை திரும்புமோ திரும்பாதோ, அந்தத் தப்பையாவது அவள் கையிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும். சேத்தூர் வீட்டில் கணினியைத் திறந்து, பழைய திரையையும் மாறிய திரையையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். இங்க பாரு, இது முன்ன, இது தேருக்கு மொத நாளு.

அவள் இரண்டையும் பார்த்தாள். "ரெண்டும் நீ வரைஞ்சதுதான?"

"இல்லக்கா, இது அவன்..."

"நீயும் எப்படி வேணாலும் வரைவல்ல? எனக்காக இப்பம் வரைஞ்சுருப்ப." என் கன்னத்தைத் தட்டினாள். "விடுய்யா."

பிறகு அவளுடைய டிபன் பாத்திரத்தையும் செருப்பையும் எடுத்துவர கம்பெனிக்குப் போனோம். கணக்குத் தீர்ந்த மனுஷி மாதிரி நிதானமாக நடந்தாள். வாசலில் அவளே திரை முன்னால் நின்றாள். ஒரு பெண் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். மேலே வருகிறேன். கீழே லீவு. எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. அந்தப் பெண் கீழே தொட்டாள். திரை மஞ்சளாகப் பூத்தது. என் மஞ்சள்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. "எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு. நீதான் மாத்திட்டான் மாத்திட்டான்னு குதிச்ச."

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிளீச்சிங் வாசனைதான் உள்ளே போனது.

சுற்றுவட்டாரத்தில் வேறு கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்தாள். முதலாளியை எதிர்த்துப் பேசினவள் என்ற சொல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. மாமா வயலைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருப்பது, அவள் மட்டும் போவது என்று முடிவானது. "இனிமே வீட்டுல ஆஸ்பத்திரி வாடை இருக்காது" என்று மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். சாயங்கால வெயில் மலைமேல் சரிந்துகொண்டிருந்தது. எங்கள் மாடி அறை ஜன்னல் அங்கிருந்து தெரியும். திறந்திருந்தது. உள்ளே ஒரு சிவப்பு அம்புக்குறி யாருடைய திரையிலோ தனியாக ஊர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். துரத்த ஆளில்லை.

திருப்பூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வண்டி உறுமத் தொடங்கியதும் அவள் கம்பிக்கு வெளியே கை நீட்டி என் தலையைத் தொட்டாள்.

"மூஞ்சிய அப்படி வைக்காதலே. அங்கயும் இதே மாரி பட்டன் வச்சுருக்காவளாம். பயப்படாத, இனிமே நல்லா நின்னு வாசிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்குவேன். வாரேன்."