காந்தம் ஒட்டாத இடம்

எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எனக்கு வேண்டாத பொருளுக்கெல்லாம் விலை ஏற்றிவிடுவேன். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் முதலில் காய்த்த தேங்காய், வாழைக்குலை, சேனை, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். யார் கண் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அவர் வாய் திறந்ததும் நான் ஒரு படி மேலே கேட்பேன். அவர் ரோஷப்பட்டு இன்னொரு படி ஏறுவார். பணம் ஆண்டவருக்குத்தானே போகிறது, யாருக்கு நஷ்டம்? எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சேவலுக்கு அடுத்தபடியாக ஒரு கார் ஏலத்துக்கு வந்தது. பழைய வெள்ளை அம்பாசிடர். பொழியூர்ப் பக்கம் கடற்கரையில் வெகுகாலம் நின்று, உப்புக்காற்றைக் குடித்துக் குடித்துக் கீழ்ப்பாதி முழுவதும் துரு பிடித்திருந்தது. அதன் சொந்தக்காரர் அதைக் காணிக்கையாகச் சபைக்குத் தந்துவிட்டு, காணிக்கை செலுத்திய திருப்தியோடு போய்விட்டார்.

அதன்மேல் கண் வைத்தவர் என் அக்காவின் கணவர். அத்தானுக்குப் பாறசாலைக்கு இப்பால் ஆக்கர் கடை. பழைய இரும்பை வாங்கி உடைத்து விற்கிற தொழில். பெரிய மீசை. சட்டைப் பையில் நூல் கட்டிய காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். எதைக் கண்டாலும் அதை வைத்துப் பார்ப்பார். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பானைகளில் காந்தம் வைத்து, ஒட்டியதெல்லாம் மட்டம் என்று, தந்தவர்களின் பெயரைப் பந்தலில் நின்று உரக்கச் சொன்ன மனுஷன். அதை நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருந்தார்.

அவர் ஒரு விலை சொன்னார். நான் ஏற்றினேன். அவர் ஏறினார். நானும் ஏறினேன். முற்றத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. அத்தான் நிதானமாக எழுந்துபோய்க் கதவின் அடியில் காந்தத்தை வைத்தார். அது ஒட்டாமல் தரையில் விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை ஆசப்பட்டுட்டா. அவளே கொண்டு போவட்டும்” என்றார்.

ஒரு தரம், ரண்டு தரம், மூணு தரம். பெண்கள் சங்கம் முழுவதும் கை தட்டியது. என் கணவர் மட்டும் தட்டவில்லை.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. “துருவப் பாத்துப் பயந்துட்டீங்க அத்தான். அடுத்த பண்டிகைக்கு இதப் புதுசு மாதிரி ஆக்கி ஓட்டிக்கொண்டு வாறேன்” என்றேன்.

“ஓட்டையில பேஸ்டு அப்பி பெயின்ட் அடிச்சா யாரும் புதுசாக்கலாம். தகடாட்டு இருக்கணும். நான் காந்தம் வச்சுப் பாப்பேன். எல்லா எடத்திலயும் ஒட்டிச்சுன்னா இந்த மீசைய எடுக்கேன். ஒரு எடத்தில ஒட்டல்லன்னா வண்டி எனக்கு. உடைச்சு எடைக்குப் போடுவேன். சம்மதமாக்கும்?”

சம்மதம் என்றேன். சபையே சாட்சி.

நான் வளைகுடாவில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவள். காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போடத் தெரிந்தவளுக்கு ஒரு தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதா பெரிய காரியம் என்று எண்ணினேன். எஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து ஓட வைத்துவிட்டுப் போனார். மீதி எல்லாம் டிங்கரிங் வேலை. காரோடு என்கிற கேரளத்து ஊரில் பட்டறை வைத்திருந்த டிங்கர் ஒருவரைக் கூப்பிட்டேன். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் ஆசான் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். தன்னைப் போல ஒடுக்கு எடுக்கிறவன் திருவனந்தபுரம் வரை தேடினாலும் இல்லை என்று அவரே சொல்வார், நாம் கேட்காமலே.

“எனக்கு சமயமில்ல சேச்சி. நீங்க அடிங்க, நான் வைகுந்நேரம் வந்து நோக்காம்” என்றார். அப்படித்தான் ஐம்பது வயதுக்கு மேல் நான் சுத்தியல் எடுத்தேன்.

முதல் நாள் முன்பக்கத்து மட்கார்டில் இருந்த ஒடுக்கை அடித்தேன். உள்ளே போயிருந்த இடம் வெளியே வந்தது. வெளியே வந்ததை அடித்தேன், பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. சாயங்காலம் பார்த்தால் மட்கார்டு முழுவதும் பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. ஆசான் வந்து சுற்றிப் பார்த்து, “சேச்சிக்கு இந்த வண்டியோடு எந்து விரோதம்?” என்று கேட்டார்.

அடிப்பது பாதி வேலைதான், தாங்குவது மீதி என்பதை அப்புறம்தான் கற்றேன். உள்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே மெதுவாகத் தட்ட வேண்டும். டாலிக்கு நேரே விழுந்த அடி ‘டங்’ என்று கேட்கும். விலகி விழுந்தால் ‘டொப்’. அடி கூடிப்போனால் தகடு நீண்டுவிடும். பிறகு விரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்து ‘டொக்கு டொக்கு’ என்று நம்மைக் கேலி செய்யும். அதற்கு வைத்தியம், அந்த இடத்தைச் சூடாக்கி ஈரத்துணியால் ஒற்றுவது. தகடு சுருங்கி அடங்கிவிடும். காய்ச்சல்காரருக்கு ஈரத்துணி போட்டே காலம் கழித்தவள் நான். இந்த ஒரு பாடத்தில் மட்டும் ஆசான் என்னைத் திட்டவில்லை.

கை பழக வேண்டும் என்று வீட்டுப் பானைகளை எடுத்தேன். அவை தீர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பானைகள். கிழக்கு வீட்டு அம்மை, கோவில் பொங்காலைக்கு வைத்திருந்த அலுமினியச் சருவத்தைக் கொண்டு வந்தார்கள். ஒடுக்கெல்லாம் அழகாகப் போயிற்று. கூடவே அடிப்பாகமும் கொஞ்சம் உருண்டுவிட்டது. அடுப்பில் வைத்தால் தானே சுற்றும். “உனக்க கார் இப்பிடி சுத்தாம இருந்தா சரி” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஒரு குடத்தையும் கொண்டு வந்தார்கள். நம்பிக்கை என்றால் அதுதான் நம்பிக்கை.

கதவுகளில் ஒன்று கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்பூரியில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்காரரிடம் இதே மாதிரி வண்டி ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் கணவரும் போனோம். வண்டிக்குள் கோழிகள் குடியிருந்தன. கதவைத் தருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, கோழிகளுக்கு இருந்தது. அடைகாத்த கோழி ஒன்று என் கணவரின் முழங்கையைக் கொத்திய இடத்துக்கு நான் அங்கேயே மருந்து போட்டேன். கதவை ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்ததால், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புகை வாசம் போகவில்லை. இன்றும் மழைநாளில் அந்தக் கதவைத் திறந்தால் அம்பூரி மணக்கும்.

என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தன்று கை தட்டாத மனுஷன், வண்டி வந்த மறுநாளே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். வாழ்க்கை முழுவதும் வண்டியில் நின்றே போனவர் அல்லவா? நான் வெளியே சுத்தியலால் அடிக்கும்போதும் உள்ளேதான் இருப்பார். “மெள்ள அடி பிள்ளே, எழுத்து ஆடுது” என்பார். பந்தயம் தோற்றால் வண்டி போய்விடும் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பயம். எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது. உப்புத்தாள் பிடித்துத் தேய்த்த ஒவ்வொரு இடமும் என் உள்ளங்கைக்குத் தெரியும். கண்ணை மூடித் தடவினாலே எது மேடு, எது பள்ளம் என்று சொல்வேன். அதை உடைக்கிறதை நினைத்தால் சோறு இறங்காது.

பண்டிகை நெருங்கியபோது ஒரே ஒரு ஓட்டை பாக்கி. இடப்பக்க முன்கதவுக்குக் கீழே, படியோரத்தில், உள்ளங்கை அகலம். மெல்லிய இடம் என்பதால் நான் வெல்டிங் வைத்தபோதெல்லாம் தகடு உருகி ஓட்டை பெரிதானது. ஆசானுக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். ஒரு சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு ஆலயம் போய்விட்டு வந்தேன். ஓட்டை அடைபட்டு, மேலே வெள்ளைப் பெயின்டும் ஏறியிருந்தது.

“ஆசான் வந்து தகடு வச்சிட்டுப் போனாரு” என்றார் கணவர், பேப்பரிலிருந்து முகம் எடுக்காமல்.

காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. காய்ச்சலோடு வந்து செய்துவிட்டாரே என்று ஆசானின் பெருமையை எல்லாம் அன்றைக்கு ஒருநாள் மன்னித்தேன்.

அப்புறம் ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் கொட்டி, பண்டிகை அன்று காலையில்தான் விட்டது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டு ஆலய முற்றத்தில் நுழைந்தபோது சேவல் ஏலம் பாதியில் நின்றது. கிழக்கு வீட்டு அம்மையும் சருவத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அத்தான் காந்தத்தை எடுத்தார். பானெட்டில் ‘டக்’. மட்கார்டில் ‘டக்’. அம்பூரிக் கதவில் ‘டக்’. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கூடவே ‘டக்’ என்றது. அத்தானின் கை தானாக மீசைக்குப் போனது. வண்டியை முழுக்கச் சுற்றி, கடைசியில் இடப்பக்கப் படியோரத்தில் குந்தினார். அங்கேயும் ‘டக்’. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

நானும் குனிந்தேன். வெள்ளைப் பெயின்டில், பழுத்த பழத்தோலில் விழுகிற மாதிரி பழுப்புப் புள்ளிகள். முந்தின நாள் இல்லாதவை. இரும்பைத் தேய்த்த கிரைண்டர் தூளைப் பேஸ்டில் குழைத்து அப்பியிருக்கிறது. தூள் இருப்பதால் காந்தம் ஒட்டுகிறது. மழை ஈரம் பட்டு அதே தூள் துருப்பிடித்து வெளியே வந்துவிட்டது. எனக்கே புரிந்தது என்றால் இரும்பிலேயே புரள்கிற மனுஷனுக்குப் புரியாதா? நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆலயக் கோபுரத்தை அன்றுதான் முதல்முறை பார்ப்பவரைப் போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வேட்டியை உதறி, “ஒட்டிச்சு!” என்று உரக்கச் சொன்னார்.

கூட்டம் ஆரவாரித்தது. யாரோ கத்தி எடுக்க ஓடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணப் பந்தலில் மட்டமான பானையைக்கூட விட்டுவைக்காத மனுஷன் இன்று என் வண்டியை விட்டுவைக்கிறார். அவர் போடும் பிச்சையில் நான் ஜெயிப்பதா? அதைவிட, நான் அடித்து நிமிர்த்தின இத்தனை தகடும் ஒரு சிரட்டைப் பேஸ்டுக்குச் சமமாகிவிடுமே. வண்டியிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்த இடத்தில் குத்தினேன். கப்பளங்காய் என்கிற பப்பாளியில் இறங்குவது போல இறங்கியது.

“ஒட்டல்ல அத்தான். இது தகடில்ல. வண்டி உங்களுக்கு” என்றேன்.

“எட்டீ!” என்று என் கணவர் அலறினார். பதிலுக்குச் சேவல் கூவியது.

மறுநாள் காலையில் அத்தான் சுத்தியலும் வெட்டுளியும் தராசும் கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் காப்பி போடவில்லை. என் கணவர் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“இறங்கும்” என்றார் அத்தான்.

“என்னையும் சேத்துத் தூக்கிப் போடும், அண்ணே. தப்பு செஞ்சது நானாக்கும்.”

“உமக்கு எடை கெடையாது, இரியும்.” அத்தான் இடப்பக்கம் போய்க் குந்தினார். முதல் அடி விழுந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. நாலைந்து அடிக்குப் பிறகு சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் துண்டை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பங்கு எனக்குக் கிட்டிச்சு” என்றார். “மத்ததெல்லாம் ஒட்டிச்சுல்லா? நான்தானே வச்சுப் பாத்தேன்.”

“எனக்கு உங்க இரக்கமெல்லாம் வேண்டாம்.”

“இரக்கமா? சவத்த விடு பிள்ளே. பேஸ்டுக்கு எனக்க கடையில வெலையே கெடையாது. நஷ்டத்திலயாக்கும் நான் போறேன்.” துண்டைச் சாக்கில் போட்டார். அதே சாக்கிலிருந்து துருவில்லாத நல்ல தகடு ஒன்றை எடுத்துப் படியருகே சாய்த்து வைத்தார். காந்தத்தைப் பானெட்டில் ஒட்டவைத்துவிட்டு, எடுக்காமலே போய்விட்டார். சாமானை மறந்து வைக்கிற ஆள் இல்லை அவர்.

அந்தத் தகட்டை நானே வெட்டி, நானே வைத்தேன். இரண்டு முறை உருகியது, மூன்றாவதில் பிடித்தது. காய்ச்சல் தேறி வந்த ஆசான் தடவிப் பார்த்து, “ஞான் படிப்பிச்சது” என்றார். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு காந்தத்தை வைத்தேன். ‘டக்.’ அத்தானுக்குப் போன் போட்டேன்.

“இப்பம் ஒட்டிச்சு அத்தான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்தில், மேலுதட்டைப் பாட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். பண்டிகையும் பந்தயமும் முடிந்தபின் மீசை ஏன் போயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை. முடிவெட்டுகிறவருக்குக் கை தவறிவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காந்தம் இன்னும் பானெட்டில்தான் ஒட்டியிருக்கிறது.