ஏகாதசி அன்னைக்கும் மாத்திரை உண்டு

ஸ்ரீரங்கத்துல மருந்துக் கடையில நிக்கிறவங்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஏகாதசி வந்தா பாதிப் பேர் விரதத்தோட மாத்திரையையும் விட்டுடுவாங்க. பிரஷரோ சுகரோ, "துவாதசிலேர்ந்து போட்டுக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. பார்மசிஸ்டா நிக்கிற எனக்கு வயிறு எரியும், கத்துவேன். அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தின்னு தெருவுல எனக்குப் பேரு. இருந்துட்டுப் போகட்டும்.

கார்த்திகை கடைசியில ஒரு மத்தியானம் ஒரு பொண்ணு வந்தா. முப்பது வயசு இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை. குப்பைப் பையைக் கட்டும்போது யாருக்கோ போட்ட ஊசி கையில ஏறிடுச்சாம். வலி மாத்திரை கேட்டா.

"எப்பம்மா குத்துச்சு?"

"நேத்து காலைலக்கா. டிடி ஊசி போட்டு விட்டாங்க. இனிமே பயமே இல்லைன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. என்ன குத்தினாலும் டிடி போட்டா முடிஞ்சுதுன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. அது ரண ஜன்னிக்குப் போடுறது. யார் ரத்தம்னே தெரியாத ஊசிக்கு அது என்ன பண்ணும்? எச்.ஐ.வி. தொத்தாம இருக்க மாத்திரை இருக்கு, ஆனா மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாகணும். அதுல ஒரு நாளை ஏற்கெனவே தொலைச்சுட்டு நிக்கிறா. விஷயத்தைச் சொன்னதும் அவ முகம் வெளிறிப்போச்சு.

"ஐயோ, நான் அந்த மாதிரி பொம்பளை இல்லக்கா."

"யாரும்மா உன்னை அப்படிச் சொன்னா? ஊசி குத்தினதுக்கு வைத்தியம் பார்க்கப் போறோம், அவ்வளவுதான்."

முதலாளி பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தி, "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கோயில் வாசல்ல கடை வச்சிருக்கோம், பேரு கெட்டுடும்"னாரு.

"கெடட்டும் சார். நான் வர்ற வரைக்கும் டாக்டர் சீட்டு கேக்கிற மருந்து எதுவும் குடுத்துடாதீங்க"ன்னு சொல்லிட்டு, அவளை ஆட்டோவுல ஏத்தி, பாலத்தைத் தாண்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாங்க. முதல் மாத்திரையை அங்கேயே போட வச்சாங்க. இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக்கூடாது, மூணு மாசம் கழிச்சு கடைசியா ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க.

அதுலதான் கஷ்டமே. குமட்டல், தலைவலி. "நிறுத்திடறேன்க்கா"ன்னு போன் பண்ணுவா. சாப்பிட்டுட்டுப் போட்டுப் பாரு, வாந்தி நிக்கலேன்னா டாக்டரைப் பாரு, நீயா மட்டும் நிறுத்தாதேன்னு திட்டுவேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம். கூட்டிட்டு வா, நான் சொல்றேன்னேன். வந்தாரு. கடைசி டெஸ்ட் வர்ற வரைக்கும் ஆணுறை இல்லாம கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவர் சரின்னு தலையை ஆட்டினாரு. எங்க முதலாளிதான் வெட்கப்பட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அதுக்குள்ள வைகுண்ட ஏகாதசி வந்துடுச்சு. தெருவுல கால் வைக்க இடமில்ல. அவ கூட்டத்துல நெருக்கியடிச்சு கடைக்கு வந்தா. "அக்கா, இன்னைக்குப் பச்சைத் தண்ணி கூடக் கிடையாது. உசிரு தப்பணும்னு வேண்டிக்கிட்டேன். மாத்திரையை நாளைக்கு ரெண்டா போட்டுக்கறேன்."

"அடிப் பாவி! ரெண்டெல்லாம் போடக்கூடாது. எங்க அது? எடு, இப்பவே போடு. பெருமாள் கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்பு, நான் பதில் சொல்லிக்கறேன்."

கத்தினது ரோடு வரைக்கும் கேட்டுடுச்சு. எல்லாரும் திரும்பினாங்க. பக்கத்துல இருமல் மருந்துக்கு நின்ன ஒரு மாமி, என்ன மாத்திரை, எதுக்குன்னு ஒண்ணும் கேட்கல. "ஔஷதத்துக்கு தோஷம் கிடையாதுடியம்மா, சாப்பிடு"ன்னாங்க. அத்தனை பேர் பார்க்க அவ மாத்திரையை முழுங்கினா.

மாசி போய் பங்குனியும் வந்தது. கடைசி டெஸ்ட் முடிவை வாங்கிட்டு நேரா கடைக்கு வந்தா.

"ஒண்ணும் இல்லையாம்க்கா."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ அழல, சிரிக்கவும் இல்ல. கோவத்துல உதடு துடிச்சுது.

"எனக்கு அப்படி ஒரு மாத்திரை இருக்குன்னே அங்க யாரும் சொல்லலையேக்கா. அன்னைக்கு நீங்க லீவுல இருந்திருந்தா என் கதி என்ன?"

அன்னைக்கு எனக்கு லீவுதான். கூட வேலை பார்க்கிறவர் வீட்டுல விசேஷம்னு அவருக்குப் பதிலா வந்து நின்னேன். அதை அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல.