மூடாத இடது கண்

முகவாதம் வந்த பிறகு அம்மாவின் இடது கண் மூடவே இல்லை. ஈரத்துணியை அதன்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அந்தக் கண்ணால் அவளுடைய ரேஷன் அரிசி நின்றுபோகும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கார்டில் பெயருள்ள எல்லாரும் நேரில் வந்து அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்று தாராவியில் எங்கள் ரேஷன் கடையில் சொன்னார்கள். நானும் தம்பியும் விரல் வைத்தோம், உடனே முடிந்தது. அம்மா மாட்டுங்கா வீடுகளில் பாத்திரம் தேய்த்தே காலத்தைக் கழித்தவள். தேய்ந்துபோன அவள் ரேகையை மிஷின் ஏற்கவில்லை.

எங்களை வெகுகாலமாகத் தெரிந்த கடைக்காரர், அம்மாவை மவ்ஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுபவர், இந்தியில் ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க மவ்ஷி. மொபைல்ல முகத்தைக் காட்டினா போதும்."

வீட்டு வாசல் வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்து ஆப்பைத் திறந்தேன். வட்டத்துக்குள் முகம் வந்தது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது.

"சிமிட்டும்மா."

"சிமிட்டத்தான செய்யுதேன்!"

வலது கண் மூடித் திறந்தது. இடது கண் விழித்தபடியே இருந்தது. வட்டம் சிவந்தது. அவள் கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது. பொறுக்க முடியாமல் நானே அந்த இமையை விரலால் இழுத்து மூடினேன். முகத்தை மறைக்கக் கூடாது என்று எழுத்து வந்தது.

"உசுரோடதான உக்காந்திருக்கேன். அது இந்த போனுக்குத் தெரியலயாட்டி?" என்றாள்.

அடுத்த மாதம் அவள் பங்கு வரவில்லை. வேலைக்கு லீவு போட்டு அவளை ரேஷன் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன்.

"இதோ, உங்க முன்னாடிதான் நிக்காங்க. நீங்களே பாருங்க சார்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினேன்.

"நான் பார்த்து என்னம்மா செய்ய? சிஸ்டம் பார்க்கணும்" என்றார் அதிகாரி. குரலில் கடுமையில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

செம்பூர் ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதிதாக எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ரேகை தெளிவாக இல்லை என்று நிராகரித்து மெசேஜ் வந்தது. மறுபடி போனோம். மறுபடியும் அதே மெசேஜ். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அம்மா எழுந்திருக்கவில்லை.

"போதும்ட்டி. என் மூஞ்சிய ஊரெல்லாம் காட்டுனது போதும்."

இப்போது கார்டில் அரிசி எனக்கும் தம்பிக்கும் மட்டும். குறைவதை வெளிக்கடையில் வாங்கிக்கொள்கிறோம், பட்டினி ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா சோற்றைக் குறைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு கரண்டி வைக்கப் போனால் தட்டை நகர்த்துகிறாள்.

"வாரது ஒங்க ரெண்டு பேரு அரிசிதான" என்கிறாள்.

நேற்று நான் கத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்த வேண்டுமோ அவரை எனக்குத் தெரியாது. அதனால் அவளிடம் கத்தினேன். அவள் தட்டைக் கழுவப் போனாள்.