ஒரே ஒரு பல்பும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டத்தோ கிராமாட் வீட்டில் ஒரே ஒரு பல்புதான் இருந்தது. செபராங் ஜெயாவிலிருந்து என் தங்கை மலரைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் அன்று சாயங்காலம்தான்.

எல்லாம் என் கணவரால். கரண்டை மிச்சம் பிடிக்கும் புதுவித பல்பு என்று கடைக்காரர் காட்டியிருக்கிறார். விலை முப்பது வெள்ளி. மனுஷர் ஒன்றே ஒன்றை வாங்கி வந்து, பழைய குண்டு பல்புகளை எல்லாம் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஆள் எந்த ரூம்ல இருக்கோ அங்க மாட்டிக்கலாம்லா. எதுக்கு வீடு பூரா எரியணும்?"

அன்றிலிருந்து கைக்குட்டையும் ஸ்டூலுமாக ரூம் ரூமாகச் சுற்றுகிறார். நான் குளிக்கப் போனால் எனக்கு முன்னால் அவர் போக வேண்டும்... இதை யாரிடம் சொல்லி அழ?

மலருக்கு வேறு கவலை. "இதுக்கு முன்ன வந்தவங்ககிட்ட ஒரு வார்த்த பேச விட்டீங்களாக்கா? காப்பி கொடுத்தேன், உள்ள போனேன். இவர்கிட்டயும் பேசாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

நியாயம்தானே? ஆனால் பெரியவர்கள் முன்னால், இரண்டு பேரையும் தனியாகப் பேச விடுங்கள் என்று யார் கேட்பது? எனக்குத் தைரியமில்லை.

மாப்பிள்ளை, அப்பா அம்மாவோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார். பல்பும் ஹாலில்தான். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மலர் சுவரைப் பார்த்தாள். இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "குசினிய ஒரு எட்டு பாத்துடலாமா தம்பி?"

நான் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். ம்ஹூம்... என் கணவர் சுவிட்சை அணைத்து, ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றிக்கொண்டு நடந்தார். சாமி ஊர்வலத்தில் போவது மாதிரி நாங்கள் பின்னாலேயே போனோம்.

சமையலறையில் அது இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா சும்மா இருக்காமல் விலை கேட்டார். போதாதா? கரண்டு பில், மிச்சம், எதிர்காலம் என்று என் கணவர் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். எனக்கு மானம் போனது.

அந்தப் பிரசங்கத்தின் நடுவில்தான் உறைத்தது — மலரையும் மாப்பிள்ளையையும் காணோம். இரண்டு பேரும் ஹாலில். இருட்டில்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் உறைத்துவிட்டது. "வெளிச்சத்த அங்க கொண்டாங்க தம்பி," என்றார் அவசரமாக.

பல்பு திரும்பி வந்து எரிந்தபோது இருவரும் அதே நாற்காலிகளில்தான் இருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். மலர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர்கள் காடியில் ஏறிக் கிளம்பியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி பேசினீங்க?"

"'உங்க வீட்ல எப்பவும் இப்படித்தானா'ன்னு கேட்டாரு. 'கல்யாணத்துக்கு அப்புறம் விருந்துக்கு வந்தா டார்ச்லைட் எடுத்துட்டு வந்துடலாம்'னு சொன்னேன்." காப்பித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள், "அவரு சரின்னுட்டாருக்கா. நானும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

நாள் குறித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தது தன் பல்புதான் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்... இல்லை என்று மறுக்க முடியவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.