ஹில்க்கா கழற்றிய விசிறி

ஹில்க்காவை எனக்குப் பிடிக்காது. சாய்மா ஏரிக்கரையில் இருபது வருடமாகப் பக்கத்துப் படகுத்துறை அவளுடையது. ஒரு நாளும் வாய் நிறைய ‘வா’ என்றதில்லை. ஆனால் கைவேலை சுத்தம். ஏரி உறையுமுன் கரையிலுள்ள படகு எஞ்சின்கள் எல்லாம் அவள் கொட்டகைக்குத்தான் போகும். பெட்ரோலை வடித்து, தண்ணீருக்குள் சுழலும் விசிறியைக் கழற்றி கிரீஸ் தடவி, பழைய ஆயிலை மாற்றி நிமிர்த்தி நிறுத்தினால், வசந்தத்தில் ஒரே இழுப்பில் கிளம்பும். புருஷன் போனபிறகு அவள் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

இந்த ஆகஸ்டில் என் வலை நடுவில் கிழிந்து கிடந்தது. பக்கத்தில் வலை போடுகிறவள் அவள்தான். அறுத்ததும் அவள்தான் என்று, ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே கூடும் சர்ச் காப்பி மேசையில் எல்லார் காதிலும் போட்டேன். ஊர் நம்பியது. முப்பது எஞ்சின் நிற்கும் கொட்டகையில் அக்டோபரில் நாலுதான் நின்றன. எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியில் என் எஞ்சினை நானே கழற்றப் பார்த்தபோது விசிறியின் நட்டே அசைய மறுத்தது. டவுன் கடையிலும் இடமில்லை. வேலையில்லாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள் என்று அவளிடமே தூக்கிப்போனேன்.

“வாய்யா தாவெத்தி! வலை அறுக்கிறவ கையில எஞ்சினைக் குடுக்கிறியே, பயமா இல்ல?”

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

“மூடிக்கிறேன். உன் வாய் ஒண்ணே ஊருக்குப் போதுமே.”

கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஆயில் பால் காப்பி நிறத்தில் கசிந்தது; திரும்ப முடுக்கினாள்.

“தண்ணி ஏறியிருக்கு. இப்படியே விட்டா உறைஞ்சு பொளந்துரும்.”

நட்டைச் சூடாக்கித் தட்டி விசிறியை உருவினாள். தண்டில் வலை நூல் கெட்டியாகச் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ ரப்பர் வளையத்தை அரைத்திருந்தது. வெள்ளை நூலுக்கு நடுவே சிவப்பு முடிச்சுகள். என் மனைவி ஔனே ஒட்டுப்போடுகிற சிவப்பு நூல். கரையில் வேறு யாரும் அதை வைத்து வலை தைப்பதில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் பனிமூட்டத்தில் எஞ்சின் திக்கியது நினைவுக்கு வந்தது. கல் தட்டியது என்று நினைத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். என் வலையை நானே அறுத்திருக்கிறேன்.

ஹில்க்கா சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை அதே காப்பி மேசையில எழுந்து நின்னு சொல்லு. திங்கக்கிழமை புது சீல் போட்டு முடிச்சுத் தரேன்.”

“நமக்குள்ளேயே இருக்கட்டுமே, ஹில்க்கா.”

“நமக்குள்ளயா? என்னைப் பத்தி நமக்குள்ளயா சொன்ன? தூக்கிட்டுப் போ!”

எஞ்சினை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். நான் இரண்டு ஏலக்காய் பன் தின்றேன், காற்று எப்படி அடிக்கிறது என்று பேசினேன், எழுந்து வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் கடும் உறைபனி. என் வீட்டு சவுனா நீராவிக் குளியலறையை ஒட்டிய கொட்டகையில் கிடந்த எஞ்சினின் அடிக்கூடு நீளவாக்கில் பிளந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஊர்ஹோ எட்டிப் பார்த்தான்.

“ஹில்க்காகிட்டதானே கொண்டுபோன? அவ பண்ணின வேலையா இது?”

ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் அந்த நாலு எஞ்சின்களையும் அவள் கொட்டகையிலிருந்து தூக்கிப்போய்விட்டார்கள்.