தொட்டிப்பாலத்துக்குப் போன வழியில் செக்கிங் வரிசை

மலைக்கு மலை கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடக்கவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஆடிச் சாரலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே சினேகிதி லில்லி ஆட்டோவோடு நின்றாள். கிராம சுகாதார நர்ஸ். "முகாம்ல ஒரு நிறைமாசக்காரியப் பாத்துட்டுப் போவோம்ட்டி, பத்து நிமிசம்" என்றாள். இவளுடைய பத்து நிமிடம் எனக்குத் தெரியும்.

அது இலங்கை அகதிகள் முகாம். அனுமதியில்லாமல் வெளியாள் நுழையக்கூடாது என்பதால் வாசலில் ஆட்டோவிலேயே இருந்தேன். அன்றைக்குச் செக்கிங். மாதாமாதம் அதிகாரிகள் வந்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும். வாசல்வரை நீண்ட வரிசையில்தான் அந்த நிறைமாசக்காரி சுகந்தி நின்றாள், முன்னால் நின்ற அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்தபடி. பின்னால் கணவன். முகமெல்லாம் வேர்வை.

லில்லிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "எப்பம் மக்கா வலி தொடங்கிச்சு?"

"விடியவே அக்கா. செக்கிங் முடியட்டும், வாறன்."

"இதென்ன கூத்து பிள்ளே? ஆட்டோ நிக்குது, வா."

சுகந்தி அசையவில்லை. "அம்மா தம்பியைப் பெறப் போன நேரம், ஆளில்லையெண்டு பேரை வெட்டிப்போட்டினம். திரும்பச் சேர்க்க ஒரு வருசம் அலைஞ்சவ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இழுத்துக்கொண்டு வராமல் பேசிக்கொண்டு நிற்கிறாளே என்று லில்லி மேல் கோபம் வந்தது. அவளோ வற்புறுத்துவதை விட்டுவிட்டு நேரே அதிகாரியின் மேசைக்குப் போனாள். அவர் பதிவேட்டோடு எழுந்து வருவதைப் பார்த்த பிறகுதான் சுகந்தி ஆட்டோவில் ஏறினாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வலி கடக்கும்வரை காத்திருந்து, கையெழுத்துப் போட்டாள். அம்மாவும் கணவனும் தங்கள் முறைக்காக வரிசையிலேயே நிற்கவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பதினொரு கிலோமீட்டர். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வழியிலேயே பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

"நீ சும்மா இரிட்டி" என்றாள் லில்லி. "பெறப்போறவளே ஒரு வார்த்த மிண்டாம இருக்கா."

அம்மா இல்லாத குறைக்கு லில்லியே பிரசவ அறையில் சுகந்தியின் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் பெண்குழந்தை. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. நான் உள்ளே போனபோது சுகந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்: "அக்கா, அடுத்த செக்கிங்குக்கு இவளையும் தூக்கிக்கொண்டு போகோணுமோ?"

"போணும் மக்கா. நான் ஆட்டோ கொண்டு வாறேன்."

தொட்டிப்பாலத்தை நான் பார்க்கவில்லை. போகிறவர்கள் வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். முகாம் பக்கம் போக நேர்ந்தால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நர்ஸ் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொன்றும் சொல்லவேண்டும். லில்லி இப்போதெல்லாம் முகாமில் நிறைமாசக்காரிகளிடம் செக்கிங் என்றைக்கு என்று முதலில் கேட்கிறாள். பிரசவத் தேதியை அதற்குப் பிறகுதான் கேட்கிறாள்.